பருமன் மாறும்போதும் ‘பருமன் மாறா’ வெப்ப ஏற்புத்திறனைப் பயன்படுத்தலாமா?

கேள்வி இதுதான்: நல்லியல்பு வாயுவை அழுத்தம் மாறாமல் சூடாக்குகிறோம், அதன் பருமன் கூடுகிறது. அப்படியிருந்தும் அக ஆற்றல் மாற்றத்தைக் கணக்கிடப் பருமன் மாறா வெப்ப ஏற்புத்திறனை (சிவி) எடுப்பது ஏன்? அழுத்தம் மாறா வெப்ப ஏற்புத்திறன் (சிபி) அல்லவா வர வேண்டும்?

படிக்கும் காலத்தில் நானும் இதே இடத்தில் பல நாள் நின்றிருக்கிறேன். குழப்பத்துக்குக் காரணம் அந்தப் பெயர். சிவியை எப்படி அளந்தார்கள் என்பதைத்தான் பெயர் சொல்கிறது, எங்கே பயன்படுத்தலாம் என்பதை அல்ல. பருமனை மாறவிடாமல் வைத்தால் வாயு வேலை எதுவும் செய்யாது. கொடுத்த வெப்பம் முழுவதும் அக ஆற்றலாகிவிடும். அளப்பதற்கு அது வசதியான வழி, அவ்வளவுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 1 மோல் ஹீலியம், அழுத்தம் மாறாமல் 300 கெல்வினிலிருந்து 400 கெல்வினுக்குப் போகிறது. ஓரணு வாயு என்பதால் சிவி என்பது வாயு மாறிலியின் (8.314) ஒன்றரை மடங்கு, சிபி இரண்டரை மடங்கு. கொடுக்க வேண்டிய வெப்பம் சுமார் 2078.5 ஜூல். வாயு விரிந்து செய்யும் வேலை சுமார் 831.4 ஜூல். கழித்தால் சுமார் 1247 ஜூல் வரும். இப்போது சிவியை 100ஆல் பெருக்குங்கள். அதே 1247.

இது தற்செயல் இல்லை. அதே முடிவு நிலைக்கு வேறு வழியாகவும் போகலாம். முதலில் பருமனை மாற்றாமல் 400 கெல்வின் வரை சூடாக்குவோம். அப்புறம் வெப்பநிலையை அப்படியே வைத்துக்கொண்டு தேவையான பருமனுக்கு விரியவிடுவோம். அக ஆற்றல் ஒரு நிலைச் சார்பு, எந்த வழியில் வந்தோம் என்பது அதற்குப் பொருட்டே இல்லை. முதல் படியில் மாற்றம் 1247 ஜூல். இரண்டாம் படியில் சுழியம்.

அந்தச் சுழியம்தான் விஷயத்தின் உயிர். நல்லியல்பு வாயுவின் மூலக்கூறுகளுக்கிடையே ஈர்ப்போ விலக்கலோ கிடையாது. அவை விலகி நின்றாலும் நெருங்கி நின்றாலும் ஆற்றலில் வேறுபாடு வராது. அதனால் அக ஆற்றல் வெப்பநிலையை மட்டுமே சார்ந்தது. 1840களில் ஜேம்ஸ் ஜூல் என்ற இயற்பியலாளர், அழுத்தப்பட்ட காற்றை ஒரு கலனிலிருந்து வெற்றிடமான இன்னொரு கலனுக்குள் விரியவிட்டுப் பார்த்தார். சுற்றியிருந்த நீரின் வெப்பநிலை மாறியதாகத் தெரியவில்லை. உண்மையில் நுண்ணிய மாற்றம் இருந்திருக்கும். ஆனால் அவ்வளவு நீரின் வெப்ப ஏற்புத்திறனுக்கு முன்னால் அது வெளியே தெரிய வழியில்லை.

என்தால்பிக்கும் இதே நியாயம்தான். அக ஆற்றலோடு அழுத்தம், பருமன் இரண்டின் பெருக்கலைக் கூட்டினால் என்தால்பி. அந்தப் பெருக்கல் நல்லியல்பு வாயுவில் மோல் எண்ணிக்கை, வாயு மாறிலி, வெப்பநிலை மூன்றின் பெருக்கலுக்குச் சமம். ஆக, என்தால்பியும் வெப்பநிலையை மட்டுமே சார்ந்தது. அழுத்தம் மாறும் செயல்முறையிலும் என்தால்பி மாற்றத்துக்குச் சிபியைத் தயங்காமல் போடலாம். சிபிக்கும் சிவிக்கும் உள்ள வேறுபாடு ஒரு மோலுக்குச் சரியாக வாயு மாறிலி அளவு இருப்பதும் இதனால்தான்.

ஒன்றை மட்டும் கலந்துவிடாதீர்கள். வெப்பம் நிலைச் சார்பு அல்ல. ‘சிவி பெருக்கல் வெப்பநிலை மாற்றம்’ என்பதைக் கொடுத்த வெப்பம் என்று எழுதினால், பருமன் மாறாதபோது மட்டுமே விடை சரியாக வரும். மதிப்பெண் பெரும்பாலும் போவது இங்கேதான் என்பது என் கணிப்பு.

உண்மையான வாயுக்களில் ஈர்ப்பு உண்டு. 1850களில் ஜூலும் வில்லியம் தாம்சனும் (பின்னாளில் கெல்வின் பிரபு) வாயுவை நுண்துளை அடைப்பு வழியே செலுத்தினார்கள். அந்த ஓட்டத்தில் என்தால்பி மாறாது. நல்லியல்பு வாயு என்றால் வெப்பநிலையும் மாறக் கூடாது. ஆனால் காற்று சற்றுக் குளிர்ந்தது. ஹைட்ரஜன், சாதாரண வெப்பநிலையில், குளிர்வதற்குப் பதிலாகச் சற்றுச் சூடாகும். எனவே மிகை அழுத்த வாயுவோ, நீராவியோ கணக்கில் வந்தால், வெப்பநிலையை மட்டும் நம்பாமல் அழுத்தத்தையும் பார்த்து அட்டவணையிலிருந்து மதிப்பை எடுங்கள்.