புகைப்பதை நிறுத்த ஒட்டிக்கொள்ளும் பேட்ச்சிலும் நிகோடின்தான், சிகரெட்டிலும் நிகோடின்தான். சிகரெட்டை மட்டும் ஏன் விட முடிவதில்லை?

கெடுதல் என்று தெரிந்தும், விட நினைத்தும் விட முடியாமல் போவதுதான் அடிமைத்தனம். இதில் உடலுக்குள் போகும் பொருள் எது என்பதைப் போலவே, அது எவ்வளவு வேகமாக மூளைக்குப் போகிறது என்பதும் முக்கியம்.

புகையை உள்ளே இழுத்தால் நிகோடின் 10 முதல் 20 நொடிகளில் மூளையைத் தொட்டு, இன்ப உணர்வோடு தொடர்புடைய டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்க வைக்கும். தோலில் ஒட்டும் பேட்ச்சில் அதே நிகோடின் ரத்தத்தில் ஏற மணிக்கணக்காகும். சுவிட்சைத் தட்டியதும் விளக்கு எரிந்தால் குழந்தைகூடப் பழகிக்கொள்ளும். நாலு மணி நேரம் கழித்து எரிந்தால் இரண்டையும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது. சிகரெட்டிலோ ஒவ்வொரு இழுப்பும் மூளைக்கு ஒரு பாடம்.

அப்புறம், ரத்தத்தில் உள்ள நிகோடின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகிவிடும். உடனே எரிச்சல், பதற்றம். அடுத்ததைப் பற்றவைத்ததும் அடங்கும். 'சிகரெட் டென்ஷனைக் குறைக்கிறது' என்பது பெரும்பாலும் இந்த அடங்கல்தான். டென்ஷனைக் கொடுத்ததே முந்தைய சிகரெட்!

வேப் எனப்படும் இ-சிகரெட்டும் நுரையீரல் வழிதான். முன்பு நிகோடின் அதிகமானால் தொண்டை எரியும். பென்சாயிக் அமிலம் போன்றவற்றைச் சேர்த்து அதை நிகோடின் உப்பாக மாற்றியபின் அந்த எரிச்சல் குறைந்தது, அளவைக் கூட்டுவது எளிதானது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 விதிகளில் வேப் திரவத்துக்கு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் நிகோடின் என்று உச்சவரம்பு வைத்தது. நல்ல விதிதான், ஆனால் வேகத்தை அது தொடவில்லை.

நிகோடின்தான் புற்றுநோய் தருகிறது என்று பலர் நினைக்கிறார்கள். புகைப்பவருக்கு அதைத் தருவது புகையில் உள்ள மற்ற நச்சுகள், நிகோடின் அவரைத் திரும்பத் திரும்ப அந்தப் புகையிடம் இழுத்து வருகிறது.