குடியை நிறுத்தியாச்சு, ஏ.ஏ. கூட்டத்துக்கும் போகணுமா?

கேள்வி: டாக்டர் ஐயா, எனக்கு 43 வயது. விசைத்தறி ஓட்டுகிறேன். 15 வருடக் குடி. ஆஸ்பத்திரியில் சேர்ந்து நிறுத்தி 26 நாளாகிறது. வீட்டுக்கு அனுப்பும்போது, "ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள்" என்றார்கள். குடியை விட நினைக்கிறவர்கள் கூடிப் பேசும் கூட்டமாம். அங்கே தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது? கூட்டம் சர்ச் வளாகத்தில் நடக்கிறதாம். நாங்கள் கோயிலுக்குப் போகிறவர்கள். சனிக்கிழமை கூலி வாங்கும்போதுதான் ரொம்பச் சிரமமாக இருக்கிறது. மாத்திரை மட்டும் போதாதா?
- பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

பதில்: 26 நாள் என்று எண்ணி எழுதியிருக்கிறீர்கள். படித்தபோது மனதுக்கு நிறைவாக இருந்தது. குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் உங்களிடம் இருக்கிறது. ஏ.ஏ.யில் சேர அதைத் தவிர வேறு தகுதி எதையும் அவர்கள் கேட்பதில்லை.

மாத்திரை போதாதா என்கிறீர்கள். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, வலிப்பு அபாயம் இவற்றையெல்லாம் மருத்துவமனையில் பார்த்துக்கொள்ளலாம். பெரும்பாலும் முதல் ஒரு வாரத்தில் அவை அடங்கிவிடும், தூக்கம் சரியாக மட்டும் இன்னும் சில வாரங்கள் ஆகலாம். நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற மாத்திரைகள் ஆசையைத் தணிக்க உதவும். ஆனால் தறியை நிறுத்திவிட்டு வெளியே வரும்போது பழைய கூட்டாளி, "வாய்யா, ஒரு கட்டிங்தானே" என்று தோளில் கைபோட்டால் என்ன சொல்வது? அதை எந்த மாத்திரையும் சொல்லித் தராது. அந்த நிமிடத்தைக் கடந்து வந்தவர்தான் சொல்லித்தர முடியும்.

ஏ.ஏ. தொடங்கியதே அப்படித்தான். 1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரத்தில் பில் என்ற பங்குச்சந்தைக்காரரும் பாப் என்ற அறுவை மருத்துவரும் சந்தித்தார்கள். இருவருமே குடிநோயாளிகள். தன்னைப் போன்ற இன்னொருவரிடம் மனம்விட்டுப் பேசினால் அன்றைக்குக் குடிக்காமல் இருக்க முடிகிறது என்று கண்டுகொண்டார்கள். இந்தியாவில் 1957-லிருந்து இந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. பலன் உண்டா என்றால், உண்டு. 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களோடு, சேர்த்துப் பார்த்த ஓர் அறிக்கையை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்டது. முறையாக ஏ.ஏ. பக்கம் வழிநடத்தப்பட்டவர்கள் தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், மற்ற ஆலோசனை சிகிச்சைகளை விடக் கூடுதல் பலன் தெரிந்தது.

பயிற்சி மருத்துவராக இருந்த காலத்தில் ஒரு திறந்த கூட்டத்துக்குப் போயிருக்கிறேன். திறந்த கூட்டம் என்றால் யாரும் வரலாம். மூடிய கூட்டம் குடிநோயாளிகளுக்கு மட்டும். பள்ளி வகுப்பறை, குழந்தைகள் உட்காரும் பெஞ்சுகள். புதிதாக வந்த ஒருவருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. டீ ஊற்றிய பெரியவர் மற்றவர்களுக்கு டம்ளர் நிறையக் கொடுத்தார், அவருக்கு மட்டும் பாதி. சிந்தக்கூடாது என்பதற்காக! யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் பெரியவருக்கும் ஒரு காலத்தில் அப்படி நடுங்கியிருக்கும் என்று அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

உங்கள் கூச்சத்துக்கு வருகிறேன். அங்கே தெரிந்தவர் இருந்தால், அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருப்பார். அங்கே பார்த்தவரை வெளியே சொல்லக்கூடாது, கேட்டதை வெளியே பேசக்கூடாது என்பது அவர்கள் காக்கும் வழக்கம். பெயரை மட்டும் சொன்னால் போதும். ஊர், சாதி, வேலை எதுவும் கேட்கமாட்டார்கள். முதல் நாள் பேசியே ஆகவேண்டும் என்பதும் இல்லை. "இன்றைக்குக் கேட்க மட்டும் வந்தேன்" என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். கட்டணம் கிடையாது. கடைசியில் ஒரு பை சுற்றி வரும், விருப்பமிருந்தால் போடலாம்.

சர்ச் விஷயம்: ஏ.ஏ. எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல. சர்ச் வளாகத்திலும் பள்ளியிலும் இடம் கிடைக்கிறது, அதனால் அங்கே கூடுகிறார்கள். கடவுள் என்ற சொல் வரும், ஒரு சிறு பிரார்த்தனையும் இருக்கும். "நாம் புரிந்துகொண்ட விதத்தில் கடவுள்" என்றே அவர்கள் சொல்வார்கள். உங்களுக்கு அது குலதெய்வமாகவே இருக்கட்டும். சாமி நம்பிக்கை இல்லாதவர்களும் வருகிறார்கள்.

எங்கே நடக்கிறது என்று சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் ஆலோசகரிடமே கேளுங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, இரண்டுமே இலவசம். ஏ.ஏ.யின் இந்திய இணையதளத்திலும் தேடலாம். இடமும் நேரமும் மாறுவதுண்டு, அதனால் கிளம்பும் முன் ஒரு போன் செய்துவிடுங்கள். போகும் வழியில் டாஸ்மாக் கடை இருந்தால், கொஞ்சம் சுற்றானாலும் வேறு வழியாகப் போய்வாருங்கள். முதல் கூட்டம் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடாதீர்கள். குழுவுக்குக் குழு பேச்சும் ஆட்களும் மாறும், ஐந்தாறு கூட்டங்கள் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். மனதுக்குப் பிடித்த மூத்த உறுப்பினர் ஒருவரின் போன் எண்ணைக் கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். இப்படிப் புதியவருக்குத் துணையாக நின்று வழிகாட்டுபவரை ஏ.ஏ.யில் ஸ்பான்சர் என்பார்கள்.

"மாத்திரை எதற்கு, நிறுத்திவிடு" என்று அங்கே யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உறுப்பினர்கள் மருத்துவம் பார்க்கக்கூடாது என்று ஏ.ஏ. அமைப்பே சொல்கிறது. ஒருவேளை சறுக்கி, நாள்கணக்கில் குடிக்க நேர்ந்தால், வீட்டிலிருந்தபடி திடீரென நிறுத்தாதீர்கள். 15 வருடம் குடித்த உடம்புக்கு வலிப்பு வரலாம், இல்லாத உருவங்கள் தெரியலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். நேரே மருத்துவமனைக்கு வாருங்கள். தேறியதும் மறுபடியும் அதே கூட்டத்துக்குப் போங்கள். அங்கே யாரும் உங்களைத் திட்டமாட்டார்கள்.

உங்கள் மனைவியைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்று தனிக் கூட்டங்கள் உண்டு. அவரும் இத்தனை வருடம் பட்டிருக்கிறார், அவருக்கும் பேச ஆள் வேண்டும்.

வருகிற சனிக்கிழமை கூலியை வாங்கியதும் மனைவி கையில் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்கு மட்டும் காசு வைத்துக்கொள்ளுங்கள். வயிறு காலியாக இருந்தால் ஆசை கூடும். அதனால் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். அன்றைக்குப் பக்கத்தில் கூட்டம் இல்லாவிட்டால், செல்போன் வழியாக நடக்கும் கூட்டத்தில் சேரலாம். எப்படியிருந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.