ஓ.டி.சி. என்று சரிகையில் தைத்த பழைய பிரிட்டிஷ் கேடட் பேட்ஜ், எந்தக் காலத்தது?

முதலில் எழுத்து. ஓ.டி.சி. என்பது ஆபீசர்ஸ் டிரெய்னிங் கோர், பிரிட்டனில் போர்த்துறை அமைச்சர் ஹால்டேன் 1908-ல் பள்ளி, பல்கலைக்கழக மாணவர்களுக்காக ஏற்படுத்தியது. பள்ளிப் பிரிவுக்கு 1940-ல் பெயர் மாறிவிட்டது, அதனால் பள்ளி பேட்ஜ் என்றால் இந்த இடைவெளிதான். அப்புறம் கிரீடம் இருந்தால் அதன் வளைவைப் பாருங்கள். 1901-க்குப் பிறகு வந்த மன்னர்கள் காலத்தில் மேலே உருண்டு நிற்கும், இரண்டாம் எலிசபெத் காலத்தில் நடுவில் குழிந்துவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது தையல்தான்: ஸ்பிரிங் போலச் சுருட்டிய மெல்லிய உலோகக் கம்பியைத் துண்டு துண்டாக வெட்டி, மணி கோப்பதுபோல் ஊசியில் கோத்துத் தைத்திருப்பார்கள். அது கறுத்திருந்தால் தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள், நனைக்கவும் வேண்டாம், முலாம் போய்விடும். அமிலமில்லாத காகிதத்தில் மடிக்காமல் வையுங்கள், போதும்.