பரிசு செக்கை விடுங்கள், அந்த 60,000 ரூபாயைக் கவனியுங்கள்

கேள்வி: மும்பை தாராவியில் இருக்கிறோம். ஓய்வு பெற்ற என் அப்பா பெயருக்கு ஸ்பீட் போஸ்டில் ஒரு கவர் வந்தது. ஆன்லைன் கடைக் குலுக்கலில் 8,50,000 ரூபாய் விழுந்திருப்பதாகத் தமிழிலேயே கடிதம், கூடவே செக். வரி கட்டினால்தான் செக் செல்லும் என்று போனில் சொன்னார்கள். ஜிஎஸ்டி என்று 18,500, தடையில்லாச் சான்று என்று 42,000 கட்டினோம். செக்கை வங்கியில் போட்டால் திரும்பிவிட்டது. சண்டை போட்டதும் அப்பா கணக்கில் 60,000 வந்தது. "அதில் 10,000 உங்களுக்கான முதல் தவணை, மீதி வேறு வாடிக்கையாளருடையது, தவறி வந்துவிட்டது" என்றார்கள். அப்பா போனிலிருந்து நான்தான் 50,000 அனுப்பினேன். இப்போது கணக்கு முடங்கிவிட்டது, பென்ஷனையும் எடுக்க முடியவில்லை. மச்சான் வரை எல்லோரும் சிரிக்கிறார்கள். வங்கி மேனேஜர் திருடனைப் பார்ப்பது போலப் பார்க்கிறார். செக் பவுன்ஸ் வழக்கு போடலாமா? தபால்காரர் மேலும் வங்கி மேலும் புகார் கொடுக்கலாமா?

பதில்: தபால்காரர் கவரைக் கொண்டுவந்து கொடுத்தார், அவ்வளவுதான். மேனேஜர் பார்த்த பார்வைக்கும் மச்சான் சிரித்ததற்கும் சட்டத்தில் இடமில்லை. செக் பவுன்ஸ் வழக்கும் நிற்காது. செக் பவுன்ஸுக்கான 138-வது பிரிவுக்கு, செக் கொடுத்தவர் தன் கணக்கிலிருந்து கொடுத்திருக்க வேண்டும், சட்டப்படி உங்களுக்குத் தர வேண்டிய பாக்கியும் இருக்க வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. நீங்கள் அனுப்பிய படத்திலேயே தெரிகிறது. செக்கில் அச்சிட்டிருக்கும் கிளை கொல்கத்தா. கீழே வெள்ளைப் பட்டையில், செக் எண்ணுக்கு அடுத்த ஒன்பது இலக்கம் 110 என்று தொடங்குகிறது. அது டெல்லியின் எண். கொல்கத்தா என்றால் 700, மும்பை என்றால் 400 என்று தொடங்கும். அசல் செக்கை வெளிச்சத்தில் பிடித்தால் காகிதத்துக்குள் 'சிடிஎஸ் இந்தியா' என்ற நீர்க்குறி தெரியும். பிடித்துப் பாருங்கள், இருக்காது என்றே நினைக்கிறேன். தவிர, பணப் பரிசுக்கான வரியை, பரிசைக் கொடுப்பவரே 30 சதவீதம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார். பரிசு விழுந்தவரிடம் ஜிஎஸ்டி என்று தனி ஆளின் யுபிஐக்கு வசூலிக்கும் நடைமுறை எங்கும் கிடையாது. இப்படி ஒரு கவர் இனி வந்தால் இந்த ஒன்றே போதும், மற்றதைப் பார்க்கவே வேண்டாம்.

நீங்கள் கட்டிய 60,500 திரும்பக் கிடைக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பிய பணத்துக்கு வங்கியைப் பொறுப்பாக்க முடியாது.

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரிதான் உங்கள் வழக்கு. 60,000 வந்தது, 50,000 போனது, 10,000 நின்றது. அந்த 60,000 மோசடிக்காரருடைய பணமாக இருக்காது. உங்களைப் போலவே ஏமாந்த இன்னொருவருடையதாக இருக்கும். அவர் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடித்திருப்பார். பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு வந்த போலீஸ், முதலில் நிற்கும் கணக்கை முடக்கும். அது உங்கள் அப்பாவுடையது. அவர்கள் கண்ணில் அந்த 10,000 கமிஷன். கணக்கை வாடகைக்கு விடுகிறவர்களின் ஸ்டேட்மென்டும் அச்சு அசல் இப்படித்தான் இருக்கும்.

பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 318(4) பிரிவின் கீழ் மோசடிக்கு ஏழு ஆண்டு வரை தண்டனை உண்டு. தெரிந்தே செய்தீர்களா என்பதுதான் கேள்வி. தெரியாமல் செய்தீர்கள் என்று நான் நம்புகிறேன். ஆனால் அதைக் காட்ட உங்களிடம் இருப்பது அந்த ஆட்களோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடல், போன் பதிவு, கவர், கடிதம், செக் மட்டும்தான். என்னிடம் வந்தவர்களில் பலர் அவமானம் தாங்காமல் அந்த உரையாடலை அழித்துவிட்டுத்தான் வந்தார்கள். அழித்தால் தற்காப்பும் சேர்ந்து போய்விடும். கவரையும் தூக்கிப் போடாதீர்கள். பார்கோடின் கீழே இரண்டு எழுத்தும் ஒன்பது இலக்கமும் கடைசியில் 'ஐஎன்' என்றும் இருக்கும். எந்தத் தபால் நிலையத்தில் பதிவு செய்தார்கள் என்பது அதிலிருந்து கிடைக்கும்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. புகார் கொடுக்கும்போது 18,500, 42,000 பற்றி மட்டும் எழுதிவிட்டு, 60,000 வந்ததைச் சொல்லாமல் விடுவது. பயத்தில்தான் விடுகிறார்கள், எனக்குப் புரிகிறது. ஆனால் விசாரணை அதிகாரி முன்னால் ஸ்டேட்மென்ட் விரிந்து கிடக்கும். மறைத்தவர் என்று ஒருமுறை எழுதிவிட்டால் அப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையும் எடுபடாது. 1930-இல் சொல்லி, சைபர் கிரைம் போர்ட்டலில் முழுக் கதையையும் தேதியோடு இன்றே பதிவு செய்யுங்கள். அனுப்பியது நீங்கள் என்றால் அதையும் எழுதுங்கள். "அப்பாவுக்கு எதுவும் தெரியாது" என்று நீங்களும், "பையன் செய்தான், எனக்கென்ன தெரியும்" என்று அவரும் தனித்தனியாகச் சொன்னால் இருவரும் மாட்டுவீர்கள்.

எந்தக் காவல் நிலையம், எந்தப் புகார் எண், எவ்வளவு தொகை என்பதை வங்கியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். மேனேஜரிடம் உங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். பிரச்சினைக்குரிய தொகைக்கு மேல் முடக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது. அதைக் காட்டி, 60,000 போக மீதியை, குறிப்பாகப் பென்ஷனை, விடுவிக்கக் கேட்கலாம். அதிகாரி மறுத்தால் புகார் பதிவான ஊரின் மாஜிஸ்திரேட்டிடம், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 503-இன் கீழ் மனு போடலாம். விசாரணைக்கு வரச் சொல்லும் 35(3) நோட்டீஸ் முறையாக வந்தால் ஆஜராகுங்கள். வாட்ஸ்அப்பில் மட்டும் அனுப்பும் நோட்டீஸ் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் சொன்னது உண்மைதான். அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள், காவல் நிலையத்தின் எண்ணை நீங்களே தேடி எடுத்துக் கூப்பிட்டு உறுதி செய்யுங்கள்.

இப்போது உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்கிறேன். 60,000-ஐ முழுதாகத் திருப்பிக் கொடுத்து முடித்துக்கொள்ளுங்கள். "50,000 எங்களிடம் இல்லையே, நாங்களும் ஏமாந்தவர்கள்தானே" என்பீர்கள். நியாயம்தான். ஆனால் புகார் வெளிமாநிலத்தில் பதிவாகியிருந்தால், அந்த நீதிமன்றத்துக்கு வயதான அப்பாவைக் கூட்டிக்கொண்டு நாலு வாய்தா போய்வந்தால், ரயில் டிக்கெட்டும் வக்கீல் பீஸும் அந்தத் தொகையைத் தாண்டிவிடும். 318(4) குற்றத்தை, அந்த 60,000-ஐ இழந்தவர் நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்துகொள்ளலாம். பணத்தை அதிகாரிக்குத் தெரிந்து, நீதிமன்றம் வழியாகக் கொடுங்கள். குற்றத்தை ஒப்புக்கொள்வதாக ஆகாது, எங்கள் உரிமைகளுக்குப் பாதகமில்லாமல் செலுத்துகிறோம் என்று மனுவில் ஒரு வரி இருக்க வேண்டும். அந்த வரி இல்லாமல் யாருடைய கணக்குக்கும் ஒரு ரூபாய் அனுப்பாதீர்கள்.

கணக்கை விடுவித்துத் தருகிறேன், சைபர் செல்லிலிருந்து பேசுகிறேன், வீடியோ காலில் விசாரணை என்று இனி உங்களுக்குப் போன் வரும். உங்கள் அப்பாவின் எண்ணும் பெயரும் அவர்களிடம் இருக்கிறது, ஏமாந்தவர் என்பதும் தெரியும். இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று இல்லை. போனை அப்பா எடுக்க வேண்டாம், நீங்கள் எடுத்து, எண்ணைக் குறித்துக்கொண்டு, வைத்துவிடுங்கள்.