அடுத்த வீட்டு நாயைப் பார்த்துக்கொள்ளச் சான்றிதழ் வேண்டுமா?

தாம்பரத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார்: "எங்கள் குடியிருப்பில் யாராவது ஊருக்குப் போனால் அவர்கள் வீட்டு நாய், பூனையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். காசு வாங்குவதில்லை. பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் இப்படிச் செய்வது சட்டவிரோதம் என்று குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் சொல்கிறார். இரண்டு நாள் ஆன்லைன் வகுப்பு, 'அரசு அங்கீகாரம் பெற்ற' சான்றிதழ், 6,500 ரூபாய் என்கிறார். 500 ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். மீதியைக் கட்டலாமா? அடுத்த மாதம் என்னிடம் வரப்போகும் லாப்ரடாருக்குத் தினமும் இன்சுலின் ஊசி உண்டாம். அதை நான் போடலாமா?"

மீதியைக் கட்டாதீர்கள். ஊசி போடலாம், ஆனால் அதற்கு ஒரு ஏற்பாடு வேண்டும், கடைசியில் சொல்கிறேன்.

காசு வாங்காமல் அண்டை வீட்டுப் பிராணியைப் பார்த்துக்கொள்பவர் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் சட்டம் நம் நாட்டில் இல்லை. உங்களைப் பயமுறுத்துபவர் 2017, 2018 என்று ஆண்டுகளைச் சொல்லி விதிகளைக் காட்டக்கூடும். 2017 விதிகள் நாய்களை இனவிருத்தி செய்து விற்பவர்களுக்கு. 2018 விதிகள் செல்லப்பிராணிக் கடைக்காரர்களுக்கு. அவர்கள் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும். உங்கள் வீட்டு ஹால் கடையும் இல்லை, பண்ணையும் இல்லை. சில பேர் இங்கிலாந்துச் சட்டத்தையும் எடுத்துக் காட்டுவார்கள். அங்கே நாய்களை வீட்டில் வைத்துப் பராமரிக்க உள்ளாட்சி மன்ற உரிமம் தேவை என்பது உண்மைதான். அதுவும் தொழிலாக நடத்துபவர்களுக்குத்தான். தாம்பரத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

இந்த 'அரசு அங்கீகாரம்' என்ற சங்கதியைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்று வேலை முழுக்க அங்கேதான் நடக்கிறது. உத்யம் பதிவு என்று ஒன்று இருக்கிறது. சிறுதொழில் செய்யும் யாரும் இணையத்தில் இலவசமாக வாங்கிக்கொள்ளலாம். அதே போல நாலு பேர் சேர்ந்து ஒரு டிரஸ்டைப் பதிவு செய்துகொள்ளலாம். ஐஎஸ்ஓ முத்திரையும் காசு கொடுத்தால் கிடைக்கும். இந்த மூன்றையும் சான்றிதழின் அடியில் வரிசையாக அச்சடித்து, மேலே அசோகச் சின்னம் மாதிரி ஒன்றைப் போட்டுவிட்டால் பார்ப்பவருக்கு அரசாங்கக் காகிதமாகத்தான் தெரியும். நிறுவனம் பதிவாகியிருக்கிறது என்பதுதான் அதன் பொருள். அங்கே என்ன சொல்லித் தருகிறார்கள் என்று எந்த அதிகாரியும் எட்டிப் பார்த்ததாக அர்த்தம் இல்லை. அடுத்த முறை அந்த வாட்ஸ்அப் ஆள் வந்தால் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எந்தத் துறை, எந்த அரசாணை, அதன் எண் என்ன? பதில் வராது. "கடைசி மூன்று இடம்தான் பாக்கி" என்று வரும்.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. நாயின் சொந்தக்காரரிடம் நாளுக்கு இவ்வளவு என்று விடுதிக் கட்டணம் வாங்கிக்கொண்டு, அந்த நாயை உங்களைப் போன்ற நல்ல மனசுக்காரரிடம் 'ஒரு வாரம் சேவையாகப் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா' என்று விட்டுவிட்டுப் போகும் இடைத்தரகர்கள். நாய்க்கு ஏதாவது ஆனால் தரகருடைய போன் அணைந்துவிடும். ஆகவே இடையில் ஆள் வைத்து எந்தப் பிராணியையும் பொறுப்பில் ஏற்காதீர்கள். சொந்தக்காரர் நேரில் வந்து கொடுக்க வேண்டும், திரும்பவும் அவரே வந்து கூட்டிப்போக வேண்டும்.

சட்டம் உங்களிடம் சான்றிதழ் கேட்கவில்லை, பொறுப்பைக் கேட்கிறது. 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி, பிராணி யாருடைய பொறுப்பில் இருக்கிறதோ அவருக்கே அதன் நலனைக் காக்கும் கடமை. சொந்தக்காரர் என்று மட்டும் அது சொல்லவில்லை. ருக்மிணி தேவி அருண்டேலின் விடாமுயற்சியால் வந்த சட்டம். ஆனால் முதல் முறை வதை செய்பவருக்கு அதில் எழுதியிருக்கும் அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை! நாற்பது வருஷத்துக்கும் மேலாக அந்தத் தொகையைத் திருத்த யாருக்கும் நேரமில்லை. நாயை அடித்தவன் ஒரு காபி விலையில் தப்பிக்கிறான், நாய்க்குச் சோறு போடுகிறவர் 6,500 ரூபாய்க்கு ஏமாறுகிறார். சரி, புலம்பி ஆகப்போவது ஒன்றுமில்லை.

நீங்கள் அஞ்ச வேண்டியது வேறொரு பிரிவுக்கு. பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது இப்போதைய தண்டனைச் சட்டம், பிரிவு 291: கையிலிருக்கும் பிராணி பிறருக்கு ஆபத்து விளைவிக்காதபடி பார்த்துக்கொள்ளத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 'என் நாய் இல்லை' என்பது அங்கே செல்லாது. லிஃப்டில் நாய் யாரையாவது கடித்தால் சங்கிலி யார் கையில் இருந்தது என்றுதான் பார்ப்பார்கள்.

அதனால் வாங்கி வைக்க வேண்டிய காகிதங்கள் வேறு. ரேபிஸ் தடுப்பூசி போட்ட அட்டை, தேதியோடு. உள்ளாட்சியில் எடுத்த நாய் உரிமம். சொந்தக்காரர் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதம்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, வழக்கமான மருத்துவர் யார், அவசரத்தில் எவ்வளவு வரை செலவு செய்யலாம், திரும்பி வராவிட்டால் யாரைக் கூப்பிடுவது. கடைசி வரியை வெட்கப்பட்டுக்கொண்டு விட்டுவிடாதீர்கள். விடுமுறைக்கு என்று விட்டுவிட்டு எண்ணை மாற்றிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். தடுப்பூசி அட்டை இல்லையா? 'மறந்துட்டேன், அப்புறம் வாட்ஸ்அப்பில் அனுப்புறேன்' என்றால், அட்டை வந்த பிறகு நாய் வரட்டும்.

பல வீட்டு நாய்களைக் கையாள்பவர் என்பதால் நீங்களும் ரேபிஸ் முன்தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. மூன்று தவணை: முதல் நாள், ஏழாம் நாள், பிறகு 21 அல்லது 28-ஆம் நாள். அதன் பிறகு எப்போதாவது கடிபட்டாலும் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும். ஆனால் இரண்டு ஊசியோடு முடிந்துவிடும். பூனை வந்தால் நினைவில் வையுங்கள்: காய்ச்சல் மாதிரி தெரிகிறது என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம். ஆண் பூனை மூத்திரம் போக முக்கினால் அன்றைக்கே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

இப்போது அந்த லாப்ரடார். இதற்கு மட்டும் பயிற்சி கட்டாயம் வேண்டும். அதைத் தர வேண்டியவர் அந்த நாய்க்கு மருந்து எழுதும் மருத்துவர். சொந்தக்காரரோடு ஒருமுறை போய், மருத்துவர் முன்னால் நீங்களே ஊசியை ஏற்றிப் போட்டுக் காட்டுங்கள். அரை மணி நேர வேலை. நம் கடைகளில் இன்சுலின் இரண்டு அடர்த்தியில் கிடைக்கிறது, மில்லிக்கு 40 யூனிட், 100 யூனிட் என்று. இரண்டுக்கும் சிரிஞ்ச் வேறு வேறு: 40-க்குச் சிவப்பு மூடி, 100-க்கு ஆரஞ்சு மூடி. 100 மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 என்ற கோடு வரை ஏற்றினால் உள்ளே போவது 10 யூனிட் இல்லை, 25 யூனிட். நாய் வலிப்பு வந்து விழும். குப்பியையும் சிரிஞ்சையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள். மருந்தை ஃப்ரீசரில் வைக்கக் கூடாது.

சாப்பிட்ட பிறகுதான் ஊசி. சாப்பிடவில்லை என்றால் போடாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். பாதி மருந்து ரோமத்தில் சிந்திவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் மறுபடி போடவே போடாதீர்கள். அடுத்த வேளை பார்த்துக்கொள்ளலாம். ஒரு வேளை தவறுவதால் வரும் கெடுதலைவிட இரண்டு தடவை போடுவதால் வரும் ஆபத்து மிகப் பெரிது. நாய் தள்ளாடினாலோ, மந்தமாகக் கிடந்தாலோ தேனை ஈறில் தடவிவிட்டுப் போனை எடுங்கள். வாய்க்குள் ஊற்றக் கூடாது, புரையேறும். அளவைக் கூட்டுவது, குறைப்பது எல்லாம் மருத்துவர் வேலை. சொந்தக்காரர் அமெரிக்காவிலிருந்து போனில் சொன்னாலும் கேட்காதீர்கள்.

அந்த 500 ரூபாயை எழுத்தில் திருப்பிக் கேளுங்கள். தராமல் இழுத்தடித்தால், பணம் போன யுபிஐ விவரத்தோடு 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் சொல்லலாம். 'பதிவுக்காக' ஆதார் நகல் கேட்டிருந்தால் இனிமேல் அனுப்பாதீர்கள். குழுவில் இன்னும் எத்தனை பேர் முன்பணம் கட்டியிருக்கிறார்கள் என்றும் விசாரித்துப் பாருங்கள்.