ஜெயிக்க வேண்டிய செஸ் ஆட்டத்தைப் பிள்ளை டிராவில் விட்டால் கண்டிக்கலாமா?

எப்படி டிரா ஆனது என்று விசாரிக்காமல் கண்டிக்காதீர்கள். 2024-இல் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனபோது 14 ஆட்டங்களில் 9 டிராதான். 2018-இல் அதே உலகப் பட்டத்துக்குக் கார்ல்சனும் கருவானாவும் மோதிய 12 ஆட்டங்களும் டிரா. வேக ஆட்டம் வைத்துத்தான் முடிவு கண்டார்கள். அவர்கள் செய்தால் நுணுக்கம், நம் வீட்டுப் பிள்ளை செய்தால் மெத்தனமா?

தண்டையார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த சிறுவர் போட்டியில் நடுவருக்கு உதவியாக இருந்தேன். வெள்ளைக் காய் ஆடிய சிறுமியிடம் ஒரு பிஷப், இரண்டு சிப்பாய். எதிரே பையனிடம் ராஜாவை விட்டால் ஒற்றைக் குதிரை. அந்தக் குதிரையால் நடுச் சிப்பாயை வெட்டினான். அவள் பிஷப் உடனே குதிரையை வெட்டியது. வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அவன் அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

பையன் அசரவில்லை. ராஜாவை நேரே மூலைக்குக் கொண்டுபோனான். அவளுக்கு மிஞ்சியது ஓரத்துச் சிப்பாய். அது ராணியாக வேண்டிய மூலை கறுப்புக் கட்டம். அவளுடைய பிஷப்போ வெள்ளைக் கட்டங்களில் மட்டுமே ஓடும். மூலையில் உட்கார்ந்துவிட்ட ராஜாவைக் கிளப்ப வழியே இல்லை. அவள் நெருக்கிக்கொண்டே வந்தாள். கடைசியில் கறுப்பு ராஜாவுக்குச் செக்கும் இல்லை, நகரக் கட்டமும் இல்லை. அப்படி மாட்டிக்கொண்டால் ஆட்டம் டிரா, ஆளுக்கு அரைப் புள்ளி.

"குதிரையை ஏன்டா சும்மா தூக்கிக் கொடுத்தாய்?" என்றார் அப்பா.

"அந்தச் சிப்பாயை விட்டிருந்தால் தோற்றிருப்பேன் அப்பா."

அந்தச் சிறுமியின் அம்மாவும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அவள் நடுச் சிப்பாயைக் காப்பாற்றியிருக்க வேண்டும், உண்மைதான். ஆனால் சில காய்களே மிஞ்சும் இந்தக் கடைசிக் கட்ட ஆட்டத்தை யாராவது பலகையில் வைத்துக் காட்டினால்தானே தெரியும்? திட்டுகிற நேரத்தில் அதைச் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

எனக்குக் கோபம் வருவது வேறு டிராவுக்கு. ஒரே பயிற்சி மையத்துப் பிள்ளைகள் பத்து நகர்த்தலுக்குள் கை குலுக்கிவிட்டுக் கேன்டீனுக்கு ஓடுவார்கள். இன்னொரு ரகம், எதிராளி யோசிக்கும்போதெல்லாம் "டிராவா, டிராவா?" என்று நச்சரிப்பது. காயை நகர்த்திய பிறகு, கடிகாரத்தை அழுத்தும் முன் கேட்பதுதான் முறை. சும்மா சும்மா கேட்டால் நடுவர் எச்சரிக்கலாம்.

உங்கள் பிள்ளையின் ஆட்டம் எழுதிய தாளை வாங்கிப் பாருங்கள். அறுபது நகர்த்தல் ஓடியிருந்தால் முதலில் சாப்பாடு போடுங்கள், கேள்வியெல்லாம் அப்புறம்.