ஏதோ இருக்கிறேன்

அன்புள்ள ஐயா,

நான் புடாபெஸ்ட்டில் உளவியல் ஆய்வு மாணவி. ஷையர், கார்வர், பிரிட்ஜஸ் மூவரும் 1994-ல் வெளியிட்ட, நன்னம்பிக்கையை அளக்கும் பத்து வாக்கிய வினாத்தாளை ஹங்கேரிய முதியவர்களுக்காகத் தழுவிக்கொண்டிருக்கிறோம். மொழிபெயர்த்து, இன்னொருவரை வைத்து ஆங்கிலத்துக்குத் திருப்பினோம். மூலம் அப்படியே வந்தது. ஆனால் மதிப்பெண்கள் குறைவு, எதிர்மறை வாக்கியங்களுக்கான பதில்கள் மற்றவற்றோடு ஒட்டாமல் தனியே நிற்கின்றன. அவற்றை நீக்கிவிடலாமா? எத்தனை பேரிடம் கேட்டால் போதும்? இவர்கள் இயல்பிலேயே அவநம்பிக்கைக்காரர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரு வாசகி

அன்புள்ள மாணவிக்கு,

எத்தனை பேர் என்பதை உங்கள் நெறியாளரிடம் கேளுங்கள். எதிர்மறை வாக்கியங்களை நீக்கக் கூடாது. மதிப்பெண் தரும் வாக்கியங்களே ஆறுதான், மற்ற நாலும் ஒப்புக்கு. ஆறில் எதிர்மறையான மூன்றை எடுத்துவிட்டால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிற ஆள் நன்னம்பிக்கைக்காரர் ஆகிவிடுவார். அப்புறம், இதே வினாத்தாளை பேர்டி மார்க்கும் கோத்தெலெஷ் ஃபெரென்ஸும் 2010-லேயே ஹங்கேரியத்தில் சோதித்திருக்கிறார்கள். அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இல்லையே, படிக்கவில்லையா?

மூலம் அப்படியே திரும்பி வந்ததில் பெருமைப்பட ஒன்றுமில்லை. திருப்பித் தந்தவர் ஆங்கிலம் தெரிந்தவர். கோணல் வாக்கியத்தையும் மனதுக்குள் நிமிர்த்தித்தான் தருவார். 'எனக்கு நல்லது நடக்கும் என்று நான் அரிதாகவே நம்புகிறேன்' என்ற வாக்கியத்துக்கு 'உடன்படவில்லை' என்று சொன்னால்தான் நன்னம்பிக்கை. இதை எழுபது வயதுக்காரர் தலைக்குள் எத்தனை முறை புரட்டிப் போட வேண்டும், யோசித்தீர்களா? அதிலும் ஹங்கேரியம் 'யாரும் வரவில்லை' என்று சொல்லவே எதிர்மறையை இரண்டு முறை வைக்கிற மொழி, இரண்டு சேர்ந்தாலும் அங்கே ஒன்றையொன்று அடித்துக்கொள்வதில்லை.

ஆனால் உங்கள் கடைசி வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் அங்கே பலர் 'மெக்வாத்யோக்' என்பார்கள். நம் ஊர் 'ஏதோ இருக்கிறேன்' அதேதான் அம்மா! நல்லதைப் பேசிவிட்டால் கெட்டுவிடும் என்று மரத்தைத் தட்டுகிற வழக்கமும் அவர்களுக்கு உண்டு. நாம் கண் படும் என்கிறோம். நன்னம்பிக்கைக்காரருக்கு அவர்கள் மொழியில் 'தெரூலாதோ', தெளிந்த வானத்தைப் பார்ப்பவர் என்று பொருள். இப்படி ஒரு சொல்லை வைத்திருக்கிற மக்களை ஒரு தாளை வைத்து அவநம்பிக்கைக்காரர்கள் என்று எழுதிவிடுவீர்களா?

இருபத்தைந்து வருடங்களுக்கு முன் திண்டுக்கல் பக்கத்துக் கிராமத்தில் இதுபோன்ற ஒரு தாளோடு ஒரு பாட்டியின் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன், கூலிக்குச் செய்த கணக்கெடுப்பு. 'எனக்கு நல்லதே நடக்கும் என்று எப்போதும் எதிர்பார்க்கிறேன்' என்று வாசித்தேன். பாட்டி சட்டென்று வாயில் விரல் வைத்து, "அப்படியெல்லாம் வாயால சொல்லக் கூடாது சாமி" என்றார். நான் 'முற்றிலும் உடன்படவில்லை' கட்டத்தில் டிக் அடித்தேன். கிளம்பும்போது சுருக்குப் பையிலிருந்து மடித்த அட்டை ஒன்றை எடுத்து, எத்தனை மாதம் கட்டியிருக்கிறது பார்த்துச் சொல்லு என்றார். நகைச்சீட்டு அட்டை, ஒன்பது மாதம் கட்டியிருந்தார், ஒரு மாதமும் தவறவில்லை. யாருக்குப் பாட்டி என்றேன். பேத்தி கல்யாணத்துக்கு என்றார். பேத்தி வாசலில் சிலேட்டை எச்சில் தொட்டு அழித்துக்கொண்டிருந்தாள், இரண்டாம் வகுப்பு. நான் அந்த டிக்கைத் திருத்தவில்லை. அந்தத் தாள் அப்படியே கட்டோடு போய்ச் சேர்ந்தது, அது இன்னும் உறுத்துகிறது.

அதனால் எண்களைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். பத்து முதியவர்களிடம் போய் ஒவ்வொரு வாக்கியத்தையும் வாசித்து, உங்களுக்கு என்ன புரிந்தது, இதை நீங்களாக இருந்தால் எப்படிச் சொல்வீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே, ஹங்கேரியத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். கட்டம் எதிலும் டிக் அடிக்க வேண்டாம். அப்புறம் எனக்கு எழுதுங்கள்.